ஒற்றை மரக் காடு

நாற்பதாயிரம் மரங்களை நூறு ஆண்டு வளர்த்துக் காட்ட வன ஆய்வு அலுவலகத்தின் கணினிக்கு ஒன்பது நாள் பிடித்தது. நிஜக் காட்டுக்கு முழு நூறு ஆண்டு பிடிக்கும் என்பதை நினைத்தால் மோசமில்லை. ஆனால் இயக்குநருக்கு வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழுவோடு கூட்டம். கணினியிடம் அவசரத்தைச் சொல்லிப் பயனில்லை என்பதால் நிரல் எழுதுகிறவளிடம் சொன்னார்.

அவள் ஒரே இனத்தில் ஏறக்குறைய ஒரே சுற்றளவுள்ள மரங்களைக் கும்பல் கும்பலாகப் பிரித்தாள். கும்பலுக்கு ஒரு மரத்தை மட்டும் வளர்த்து, விடையைக் கும்பலின் எண்ணிக்கையால் பெருக்கினாள். அறுநூறு கும்பல், மூன்று மணி நேரம். ஒன்பது நாள் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இரண்டே சதவீத வித்தியாசம்.

அந்த நாற்பதாயிரத்தையும் நாடா சுற்றி அளந்தவன் அவள் கணவன். இரண்டு வருட உழைப்பு, கால் முழுக்க அட்டைக்கடி. சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"அறுநூறு போதும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"எந்த அறுநூறுன்னு எல்லாத்தையும் அளந்தாத்தானேங்க தெரியும்."

நியாயமான பதில்தான். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

இயக்குநருக்கு மூன்று மணி நேரமும் நீளமாகத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் சுருக்குங்களேன்." அறுபது கும்பலாக்கினாள், இருபது நிமிடம். பன்னிரண்டாக்கினாள், நான்கு நிமிடம். அவர் ருசி கண்டுவிட்டார்.

"ஒரே மரமா வெச்சா?"

"அப்புறம் அது காடு இல்லை சார்."

"சராசரிதானேம்மா வேணும்?"

எழுத்தில் கொடுக்கச் சொன்னாள். பெருந்தன்மையோடு மின்னஞ்சலே அனுப்பினார்.

வியாழக்கிழமை, குழுவினர் முன்னால் இருபதே நொடியில் காடு வளர்ந்தது. பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. இயக்குநரின் முகமும் கூடவே மலர்ந்தது. எழுபத்தோராம் ஆண்டில் அந்தச் சராசரி மரத்துக்கு வயதாகிவிட்டது. அது செத்தது. எல்லா மரங்களுக்கும் பிரதிநிதி அதுவே என்பதால், நாற்பதாயிரமும் அன்றே ஒழுங்காகச் செத்தன. விதை போடக்கூட ஆளில்லை. மிச்ச ஆண்டுகளுக்குக் கோடு தரையிலேயே படுத்துக் கிடந்தது.

குழுத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்தாள். "அந்த வருஷம் என்ன ஆச்சு? தீப்பிடிச்சுதா?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "மரங்களை அளந்ததுல தப்பு இருக்கும் மேடம். முதல்லேருந்து திரும்ப அளக்கச் சொல்லிடறோம்."

வாயை மூடிக்கொண்டிருப்பது என்றுதான் நிரல் எழுதியவள் வந்திருந்தாள். ஆனால் கணவனின் அட்டைக்கடிக்கு மருந்து தடவிய கை அவளுடையது. எழுந்தாள்.

"அளவு சரியா இருக்கு மேடம். ஒரே மரமா ஓட்டச் சொல்லி சார் அனுப்பின மெயில் இருக்கு. அறுநூறு கும்பலா ஓட்டினதும் கையோட இருக்கு. காட்டட்டுமா?"

"காட்டுங்க."

அதில் கிழ மரங்கள் விழுந்தன. வெளிச்சம் கிடைத்த குட்டி மரங்கள் முண்டியடித்து ஏறின. காடு என்றால் இருக்க வேண்டிய ஒழுங்கீனம் எல்லாம் இருந்தது. குழு ஏற்றுக்கொண்டது. முதலிலிருந்தே இதைத்தான் சொல்ல நினைத்தவர்போல இயக்குநர் தலையாட்டினார். கூட்டக் குறிப்பில் 'இயக்குநரின் வழிகாட்டுதலில்' என்று பதிவாயிற்று. அடுத்த வாரம் அவள் நாற்காலி ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்துக்கு மாறியது.

மறு அளவை இல்லை என்று கேட்டதும் கணவனுக்குக் கோபம் தணிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேர் தடுக்கி என் மணிக்கட்டு முறிஞ்சதே, அந்த மரம் எந்தக் கும்பல்?"

தேடினாள். "முன்னூத்திப் பன்னெண்டு."

"அந்தக் கும்பலுக்குப் பிரதிநிதி அந்த மரம்தானே?"

"இல்லைங்க. பக்கத்துல இருக்கிற மரம்."

அவன் மறுபடி எழுந்து போனான்.