மார்க்கண்டரின் தொய்வு

மார்க்கண்டருக்குத் தொய்வு வருத்தம், அதாவது மூச்சிழுப்பு நோய், என்பது கோப்பாயில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவனைப் பிடித்து வைத்து அவரே சொல்லுவார். சந்தையில் வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு நெஞ்சில் கையை வைத்து, "ராத்திரி முழுக்க நித்திரை இல்லையடாப்பா, சுவரிலை சாய்ஞ்சபடி இருந்தனான்" என்று தொடங்கினால், கேட்கிறவனுக்கே மூச்சு முட்டும். ஒரு வருத்தத்தை இவ்வளவு பெருமையாகக் காவித்திரிந்த மனுசனை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

ஊர் காணாதது ஒன்றும் இருந்தது. சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருந்தவர் மார்க்கண்டர் இல்லை. அவருடைய ஒரே மகள் தயாளினி.

அவருக்கும் ஒரு காலத்தில் தொய்வு இருந்தது உண்மைதான். புகையிலை செய்த நாட்களில், குடிலுக்குள் பதப்படுத்தப் புகை போட்டுப் போட்டு வந்த வருத்தம் அது. புகையிலையைக் கைவிட்டு வெங்காயத்துக்கு மாறியதும் அதுவும் மெல்ல அவரைக் கைவிட்டது. அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தயாளினிக்கு இழுக்கத் தொடங்கியது. கிளினிக்குக்குக் கூட்டிப்போக அவர் சட்டையைக் கொளுவிக்கொண்டு நின்றபோது மனைவி செல்வநாயகி மறித்தாள்.

"பொம்பிளைப் பிள்ளைக்குத் தொய்வு எண்டு வெளியிலை தெரிஞ்சால் நாளைக்கு ஆர் வந்து கேப்பினம்? உங்களுக்குத்தானே முந்தியே இருக்கு. உங்கடை பேரிலை மருந்தை எடுங்கோ."

நல்ல யோசனை என்றுதான் மார்க்கண்டருக்கும் பட்டது. நல்ல யோசனை என்று பட்டதை நினைக்கத்தான் பிறகு அவருக்கு உடம்பு கூசியது.

அன்றிலிருந்து மாதாமாதம் கிளினிக் வாங்கில் போய் இருந்தார். மகள் பட்ட பாட்டை எல்லாம் தான் பட்டதாகச் சொன்னார். அதில் தேர்ந்த நடிகராகவே வந்துவிட்டார். குழாயில் ஊதிக் காட்டச் சொன்னால், மாடு மாதிரி இருக்கிற மனுசன், மெழுகுதிரியை அணைக்கத் தயங்குகிறவர் போல மெல்ல ஊதுவார். டொக்டர் உதயகலா நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "இண்டைக்குப் பரவாயில்லை ஐயா, மருந்து வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுவா. தினமும் வாயில் வைத்து இழுக்கிற மண்ணிறப் பம்பும், முட்டு வரும்போது இழுக்கிற நீலப் பம்பும் அவருடைய சேட்டுப் பையில் வீட்டுக்கு வந்து தயாளினியின் தலையணைக்குக் கீழே போய்ச் சேரும்.

தயாளினிக்குக் கலியாணமும் பொருந்தியது. மாப்பிள்ளை கோபிசங்கர் நோர்வேயில் இருந்தான். அவனுடைய அத்தை றஜனி மார்க்கண்டர் வீட்டுக்குப் பக்கத்து வளவு. பேச்சுக்கால் நடக்கும்போதே றஜனி கேட்டாள், "அண்ணை, உங்கடை தொய்வு பரம்பரை வருத்தமோ?" என்று. "சீச்சீ, அது புகையிலைப் புகையாலை வந்தது" என்றார் மார்க்கண்டர். அதில் பொய் எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டார். விமானம் ஓடத் தொடங்கினால் கலியாணம் என்று முடிவானது. ஏனென்றால் அதற்கிடையில் கொரோனா வந்துவிட்டது.

கிளினிக்கை மூடினார்கள். பம்புகளைத் தபால்காரர் கொண்டுவந்து தந்தார். ஒருநாள் காலையில் டொக்டர் உதயகலாவே தொலைபேசி எடுத்தா. மார்க்கண்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். தயாளினி ஸ்பீக்கரில் போட்டு அவருடைய முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். கறிவேப்பிலை கேட்டு, வேலி ஓலையில் விட்டிருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்த றஜனியும் முற்றத்தில் நின்றாள். ஊரடங்கு தெருவுக்குத்தானே, வேலிப் பொட்டுக்கு இல்லையே.

"ஐயா, பயப்பிடுத்துறன் எண்டு நினைக்காதேங்கோ. உங்கடை தொய்வு கொஞ்சம் கடுமையான தொய்வு. உங்களுக்குக் கொரோனா வந்தால் தாங்கமாட்டியள். நீங்கள் படலைக்கு வெளியிலை போகவே கூடாது. சந்தை, சங்கக்கடை, கோயில், செத்தவீடு, ஒண்டும் வேண்டாம். மண்ணிறப் பம்பை ஒரு நாளும் விடக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது டொக்டர்."

"வெளி அலுவல் பாக்க வீட்டிலை வருத்தமில்லாத இளம் ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"மகள் இருக்கிறா."

"நல்லதாப் போச்சு. எல்லாத்துக்கும் அவ போகட்டும். வந்து குளிச்சுப்போட்டு, உங்களுக்குக் கிட்ட வராமல் இருக்கட்டும். நீங்கள் தனி அறையிலை இருங்கோ. மகளுக்கு உப்பிடி வருத்தம் ஒண்டும் இல்லைத்தானே?"

மார்க்கண்டர் வாயைத் திறந்தார். செல்வநாயகி அவருக்குப் பின்னால் நின்று சாரத்தைப் பிடித்து இழுத்தாள். றஜனி கறிவேப்பிலையை மறந்து காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். தயாளினியின் கை மட்டும் ஆடாமல் தொலைபேசியைப் பிடித்திருந்தது. அவள் தகப்பனைப் பார்த்தாள்.

"ஓம் டொக்டர். அவவுக்கு ஒண்டும் இல்லை" என்றார் மார்க்கண்டர்.

இப்படித்தான் சுகதேகி அறைக்குள் போனார், வருத்தக்காரி தெருவுக்குப் போனாள்.

றஜனி இந்தச் சங்கதியை அன்றைக்கே வேலிகளுக்குள்ளால் நாலு வளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். "மார்க்கண்டண்ணையை டொக்டர் பொத்திப் பொத்தி வைச்சிருக்கச் சொன்னவ. பிள்ளைதான் பாவம் ஓடித் திரியுது, தங்கமான பிள்ளை." மார்க்கண்டருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். கதிரையில் இருந்து தின்றார். மூச்சு சீராக வந்து சீராகப் போனது. அப்படிப் போகிற ஒவ்வொரு மூச்சும் இன்னொருத்தருடைய சாமானைக் களவெடுத்த மாதிரி இருந்தது அவருக்கு.

அறையின் யன்னல் படலையைப் பார்த்திருந்தது. அதுதான் அவருக்கு வினையானது.

தயாளினி கூட்டுறவுச் சங்கக்கடையால் திரும்பி வருவாள். சைக்கிளில் அரிசிப் பை தொங்கும். படலைக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உடனே உள்ளே வரமாட்டாள். முகக்கவசத்தைக் கொஞ்சம் கீழே இழுத்து, மதிற்தூணில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பாள். தோள்கள் ஏறி இறங்கும். சட்டையைச் சரி செய்கிறவள் போல, சைக்கிள் செயினைப் பார்க்கிறவள் போல, யாரும் பார்த்தால் ஒரு சாட்டு வைத்திருந்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் படலையைத் திறப்பாள். "அம்மா, பருப்பு இல்லையாம்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். நடிப்பு யாருடைய இரத்தத்திலிருந்து வந்தது என்று மார்க்கண்டருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"நாளைக்கு நான் போறன்" என்றார் ஒருநாள் செல்வநாயகியிடம், வாசலில் தட்டை வைக்க வந்தபோது.

"போங்கோ. போய் றஜனியின்ரை கண்ணிலை படுங்கோ. டொக்டர் போகாதை எண்டு சொன்னதை அவள் தன்ரை காதாலை கேட்டவள். ஏன் போறியள் எண்டு கேட்டால் என்ன சொல்லப்போறியள்?"

"பிள்ளை படலையிலை நிண்டு இழுக்குது, நாயகி."

செல்வநாயகி, "எனக்கு மட்டும் தெரியாதே?" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள். பிளேன் விட்டிடுவாங்கள்." தட்டை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தபடி போனாள். அவளைக் கோபிக்கவும் மார்க்கண்டரால் முடியவில்லை. வாய் திறந்து பொய் சொன்னது அவர்தானே.

அந்தக் கொஞ்ச நாள் வரவில்லை. சங்கக்கடை வாசலில் கிருமி கொல்லுகிறோம் என்று குளோரின் தண்ணீரை விசிறி அடித்த அன்று, தயாளினி வழமையான நேரத்துக்கு வரவில்லை. யன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்ற மார்க்கண்டர், தெரு முனையில் அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவதைக் கண்டார். உருட்டினாள், நின்றாள், உருட்டினாள். படலைக்கு வந்ததும் சைக்கிளைச் சாய்க்கவில்லை. சைக்கிள் விழுந்தது, அரிசி கொட்டியது, அவள் அதன் பக்கத்தில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அறையை விட்டு எப்படி வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. அள்ளிக்கொண்டு வந்து முற்றத்துக் கதிரையில் நிமிர்த்தி இருத்தினார். நீலப் பம்பை இழுக்கவைத்தார். அவளுடைய உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல அவளால் முடியவில்லை. சத்தம் கேட்டு றஜனி பொட்டுக்குள்ளால் தலையை நீட்டினாள்.

"ஐயோ, பிள்ளைக்கு என்ன?"

"வெயில்... வெயில் சுட்டது" என்றாள் செல்வநாயகி.

மார்க்கண்டர் தொலைபேசியை எடுத்துவிட்டார். மறுமுனையில் அவருடைய குரலைக் கேட்டதும் டொக்டர் பதறினா. "ஐயா, இழுக்குதோ? கதைக்க வேண்டாம், நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"எனக்கில்லை டொக்டர்!" அவர் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த காகம் எழும்பியது. "எனக்கு ஒரு மசிருமில்லை. என்ரை பிள்ளைக்கு. அவளுக்குத்தான் தொய்வு. சின்னனிலையிருந்து அவளுக்குத்தான். நான் சொன்னதெல்லாம் பொய். என்ரை பிள்ளையைக் காப்பாத்துங்கோ."

றஜனி கேட்டாள். அந்தப் பக்கத்து வளவும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது அவருக்கு.

டொக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பம்பை எப்படி, எவ்வளவு இடைவெளி விட்டு இழுக்க வேண்டும் என்று சொன்னா. அம்புலன்சுக்கும் அவவே சொன்னா. அது வந்து சேரும்வரை தொலைபேசியை வைக்காமல் இருந்தா.

தயாளினி தப்பினாள். கொரோனா இல்லை என்று சோதனையும் வந்தது. அவளை வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் உதயகலா மார்க்கண்டரை வார்ட்டு வாசலுக்குக் கூப்பிட்டா. ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவ ஏசவில்லை.

"நான் மருந்தைக் கூட்டினதும் குறைச்சதும் உங்கடை நெஞ்சைப் பாத்து, ஐயா" என்று மட்டும் சொன்னா. "இவ்வளவு காலமும் அவவின்ரை நெஞ்சை ஒருத்தரும் பாக்கேல்லை."

பிறகு புத்திமதி சொன்னா. படலைக்கு வெளியே போகக் கூடாது, சந்தை, சங்கக்கடை, கோயில் ஒன்றும் வேண்டாம், தனி அறை, மண்ணிறப் பம்பை விடக்கூடாது. முன்பு சொன்ன அதே புத்திமதி. இந்த முறை தயாளினியின் முகத்தைப் பார்த்துச் சொன்னா.

வீட்டுக்கு வந்தபோது வேலிப் பொட்டைப் புது ஓலையால் இறுக்கக் கட்டியிருந்தார்கள். செல்வநாயகி அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை, சங்கக்கடைக்குப் புறப்பட்ட மார்க்கண்டர் யன்னலடியில் நின்றார். உள்ளே கதிரையில் இப்போது தயாளினி இருந்தாள். அவர் குடித்த அதே தனிக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, என்ரை வாயாலை உன்ரை கலியாணமும் குழம்பிப்போச்சு" என்றார். "என்னை மன்னிச்சுக்கொள்."

"கலியாணத்துக்கு என்ன?" என்றாள் அவள். "எனக்குத் தொய்வு எண்டு கோபிக்குத் தெரியும். கதைக்கத் தொடங்கின முதல் மாசமே சொல்லிப்போட்டன். குளிர் நாடு, நல்ல டொக்டர்மார் இருக்கினம், பாப்பம் எண்டவர். மாமி ஓலை கட்டினால் கட்டட்டும்."

மார்க்கண்டர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "பிறகேன் பிள்ளை? பிறகேன் நீ லைனிலை போய் நிண்டு செத்தனி?"

தயாளினி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"டொக்டர் கேக்கேக்குள்ளை நீங்கள் சொல்லுவியள் எண்டு உங்கடை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான் அப்பா. நீங்கள் இல்லையெண்டு சொல்லிப்போட்டியள். அதுக்குப் பிறகு நான் இருக்கெண்டு சொன்னால், ஊருக்கு முன்னாலையும் டொக்டருக்கு முன்னாலையும் நீங்களெல்லோ பொய்யர்? அதுதான் போனனான்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. பருப்பு இல்லையாம் என்று சொல்லுகிற அதே குரல். கோபித்திருந்தால், ஏசியிருந்தால், அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டினார்.

சங்கக்கடையில் வரிசை தெரு மூலை வரைக்கும் நின்றது. வெயில் ஏறிவிட்டது. அவரைக் கண்டதும் நடுவில் நின்ற டினேஸ் பதறிப்போய்க் கையை ஆட்டினான். அவருடன் சந்தையில் வெங்காயம் விற்கிறவன். தன் வீட்டுச் சம்பந்தம் என்பதால் றஜனி இந்தச் சங்கதியை மட்டும் வேலி தாண்ட விடவில்லைப்போலும்.

"மார்க்கண்டண்ணை! உங்களை ஆர் வெளியிலை வரச் சொன்னது? தொய்வுக்காரன் இந்த வெயிலுக்கை நிக்கிறதே? டேய், அண்ணையை முன்னுக்கு விடுங்கோடா!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களில் எல்லாம் இரக்கம் இருந்தது. ஒரு மனுசி தான் நின்ற நிழலைக்கூட விட்டுக்கொடுத்தாள். கடை வாசல்வரைக்கும் வழி திறந்து கிடந்தது.

இதே வெயிலில், இதே ஆட்களுக்கு நடுவில், அவருடைய பிள்ளை எத்தனை தரம் நின்றிருப்பாள். ஒருவரும் விலகியிருக்கமாட்டார்கள். விலக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் பார்த்துக்கொண்டது அவர்.

"வருத்தம் எனக்கில்லை டினேஸ்" என்றார் மார்க்கண்டர், எல்லோருக்கும் கேட்க. "என்ரை மகளுக்கு."

சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.