கழுவிய ஊசிகள்

சேரன்மகாதேவியிலிருந்து புறப்படும் முதல் பேருந்தில் வந்து இறங்கி, ஐந்தரை மணிக்கெல்லாம் கலையரசி அந்த அக்குபஞ்சர் நிலையத்தின் பின்கதவைத் திறந்துவிடுவாள். முந்தின நாள் நோயாளிகளின் உடம்பிலிருந்து உருவிய ஊசிகள் எவர்சில்வர் தட்டில் கிடக்கும். எல்லாம் மயிரிழைக் கனம். சோப்புத் தண்ணீரில் அலசி, வளைந்ததை இரு விரலுக்கிடையே வைத்து நீவி நிமிர்த்தி, துணியில் வரிசையாகச் செருகி, கிருமி நீக்கும் ஆவிப் பெட்டிக்குள் வைப்பாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போகும். ஊசிகள் வந்த உறைகளில் 'ஒருமுறை மட்டும்' என்று அச்சடித்திருந்தது. அந்த உறைகளைக் கிழித்துக் குப்பையில் போட்டவளும் அவள்தான்.

ஏழு மணிக்கு மேல் வெள்ளைக் கோட்டு. நாடி பார்க்கவும் ஊசி போடவும் முறையாகப் படித்துத் தேறியவள். எட்டு வருட அனுபவம். அவளோடு இன்னும் ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஒரு நோயாளிக்கு இருபது நிமிடம் என்றிருந்ததை முதலாளி கணேஷ்ராம் பத்தாகக் குறைத்தார், பிறகு ஏழாக. யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஒரு திங்கள்கிழமை மைதீன் பாத்திமா வந்தாள். மேலப்பாளையத்தில் முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறவள், தோள்பட்டை இறுகிக் கை தூக்க முடியவில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் இளையவளான சுடலைவடிவு அவளுக்கு ஊசி போட்டாள். எடுக்கும்போது பிடி மட்டும் கையோடு வந்தது. பாதி ஊசி ஒடிந்து சதைக்குள் நின்றுவிட்டது. சுடலைவடிவு பதறவில்லை. தோளை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அசையாம இருங்கம்மா என்று சொல்லியபடியே ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். அங்கே கீறி எடுத்தார்கள்.

அவள் திரும்புவதற்குள் கணேஷ்ராம் மற்ற ஐந்து பேரையும் தன் அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள் இருந்தது. சுடலைவடிவு தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஊசியைப் போட்டுவிட்டாள், நிலையத்து ஊசிகள் எல்லாம் புதியவை என்று அதில் எழுதியிருந்தது.

"அவ ஒருத்தி போனா வேற ஆள் வரும். நிலையத்த மூடினா நீங்க அஞ்சு பேரும் தெருவுல நிப்பிய. ஊருக்குள்ள உங்கள டாக்டர்னு யாரு ஒத்துக்கிடுதான்? இந்த போர்டு இருக்கவரைக்கும்தான் உங்களுக்கு மரியாதை."

இரண்டாவது கையெழுத்து கலையரசியுடையது. கை நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவள் அதிகம் வெட்கப்பட்டாள்.

மறுநாள், வேலை பறிபோன சுடலைவடிவு தன் கோட்டையும் புத்தகங்களையும் எடுத்துப்போக வந்தாள். கலையரசி சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்த கட்டில் அருகே ஒரு நிமிடம் நின்றாள். கலையரசி நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். விரலுக்கடியில் எந்தத் துடிப்பும் அவளுக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் மேலப்பாளையத்துக்குப் பேருந்து ஏறினாள். மைதீன் பாத்திமா நடையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கட்டுப்போட்ட தோளோடு பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி அனுப்பினாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் கலையரசி. அந்த ஊசியைக் கழுவி நிமிர்த்தி வைத்தது தான்தான் என்றாள்.

கத்திரி நின்றது.

"தெரிஞ்சேவா செஞ்சே?"

"தெரிஞ்சேதாம்மா."

"எத்தன பேரு ஒடம்புல போனத எனக்குள்ள ஏத்துனியளோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். சோதனைக்கு ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன். முடிவு வார வரைக்கும் ஒன்ன மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன்."

கலையரசி தலைகுனிந்து நின்றாள். பாத்திமா தட்டிலிருந்த ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, மோசமான இலை வந்தால் இந்தத் தெருவில் அத்தனை பெண்களும் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார்கள் என்றும், அப்படிச் சேர்ந்து எழ உங்களுக்கு ஆள் இல்லையா என்றும் கேட்டாள். எல்லாரும் தனித்தனியாகக் கிடக்கிறோம் என்றாள் கலையரசி. பீடிச் சங்கத்து அறை ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, பாத்திமா அடுத்த இலையை எடுத்தாள்.

மறுநாள் காலை கலையரசி ஊசித் தட்டைத் தொடவில்லை. முதலாளியின் அறைக்குப் போனாள்.

"நான் போட்டது பொய்க் கையெழுத்து சார். அந்தத் தாளத் திருப்பித் தாங்க."

"வெளிய போய் என்ன சொல்லப்போற? ஊசியக் கழுவினது யாருன்னு மொதல்ல கேப்பாங்க. பிடிச்சா உன்னத்தான் பிடிப்பாங்க."

"ஆமா சார். நாந்தான் கழுவினேன்னு சொல்லத்தான் போறேன்."

கதவைக் காட்டினார். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பீடிச் சங்கத்து அறைக்கு, அக்குபஞ்சர் நிலையங்களில் வேலை பார்ப்பவர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு நிலையத்தில் வேலை பார்க்கும் இஸ்ரவேல் பாதிப் பேரைக் கூட்டிவந்திருந்தார். தொழிலுக்கு ஓர் அமைப்பு வேண்டும், அடையாள அட்டை வேண்டும், போலி என்று நம்மை ஏசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் தொடங்கினார். பாத்திமா சொல்லி அனுப்பியதால் சுடலைவடிவும் வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள்.

கலையரசி எழுந்து நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இஸ்ரவேல் கையிலிருந்த தாளை மடித்தார்.

"நானும் கழுவியிருக்கேன்" என்றார்.

"நானும்" என்றாள் தச்சநல்லூர்க்காரி ஒருத்தி. பிறகு இன்னொரு குரல்.

சுடலைவடிவு எழுந்தாள். "கையில எடுத்தப்பவே அது பழைய ஊசின்னு எனக்குத் தெரியும். நானும் வாயத் தெறக்கல. ஆனா எக்கா, நீங்க என் மொகத்தப் பாக்காம குனிஞ்சிய பாருங்க, அத மறக்க எனக்கு நாளாகும்."

"ஆகட்டும்ட்டி" என்றாள் கலையரசி.

மத்தியானம் வரை பேசினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரையும் தேடிப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டும் என்று சுடலைவடிவு கேட்டபோது அறை இரண்டாகப் பிரிந்தது. நம் தலையில் நாமே மண்ணைப் போடுவதா என்றார் ஒருவர். இதை மறைத்துவிட்டு எந்த மரியாதையைக் கேட்கப்போகிறோம் என்று இஸ்ரவேல் திருப்பிக் கேட்டார். மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சம் பதினொரு பேர் இருந்தார்கள். ஓர் உடம்புக்கு ஒரு புது ஊசி, அவசரப்படுத்தாத நேரம், ஒருத்தர்மேல் பழி வந்தால் அத்தனை பேரும் முன்னால் நிற்பது என்று எழுதினார்கள். பதினொரு பேரும் வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கள்கிழமை காலை, நடந்ததை எல்லாம் எழுதிய மனுவோடு சுகாதார அலுவலகத்துக்குப் போனார்கள். கணேஷ்ராமிடம் வேலை பார்ப்பவர்களில் இன்னும் இரண்டு பேர் வாசலில் வந்து சேர்ந்துகொண்டார்கள். மனுவை வாங்கிய எழுத்தர் தடித்த கண்ணாடி வழியே பார்த்தார்.

"யார் மேல புகார்?"

"மொதலாளிமார் மேல" என்றாள் கலையரசி. "எங்க மேலயும்தான்."

அவர் நிமிர்ந்து, முதல்முறையாக எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். அதிகாரி வர நேரமாகும், யாராவது ஒருத்தர் இருந்தால் போதும் என்றார்.

"எல்லாரும் இருக்கோம்" என்றாள் சுடலைவடிவு.

பெஞ்சில் ஆறு பேருக்குத்தான் இடம் இருந்தது. மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள்.