ஸ்பாஞ்சில் விழுந்தவர்கள்

ஸ்டுடியோக்காரருக்குப் பிரிண்டர் மேல் கோபமே கிடையாது. அதன் மை மேல்தான். "மெஷின சல்லிசா குடுத்துட்டு, மையில தோல உரிக்கிறானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். கஞ்சத்தனத்தில் மனுஷரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அந்த வயிற்றெரிச்சலில்தான் ஒருநாள் பிரிண்டரின் அடிப்பக்கத்தைக் கழற்றினார். ஓரம் விடாமல் படம் போடும்போது தாளைத் தாண்டிச் சிந்துகிற மையைக் குடிக்க உள்ளே ஒரு ஸ்பாஞ்சு உண்டு. வருஷக்கணக்கான மை அதில் ஊறிக் கிடந்தது. அதைப் பிழிந்து, பழைய பனியன் துணியில் வடிகட்டி, ஊசியால் பிரிண்டரின் கருப்பு மை டப்பாவில் ஏற்றினார். விசில் வேறு அடித்துக்கொண்டார்.

குடும்பப் படத்தில் யாரையாவது எடுத்துவிடச் சொன்னால் அவர் மெனக்கெட மாட்டார். படத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கமாக நகர்த்தி, வேண்டாதவரைத் தாளுக்கு வெளியே தள்ளிவிடுவார். ஒரு வீட்டில் பெண்ணை விட்டுப்போன மருமகன், இன்னொரு வீட்டில் சொத்துக்குச் சண்டை போட்ட தம்பி என்று எல்லோரும் விழுந்தது அந்த ஸ்பாஞ்சில்தான். பிழியும்போது பாவம், அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ஒருவர் படமும் கையுமாகச் சண்டைக்கு வந்தார். "எங்க பாப்பா பின்னாடி நிக்கிற இந்த ஆளு யாருங்க?"

தொட்டிலுக்குப் பின்னால் மங்கலாக ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஸ்டுடியோக்காரருக்கு அடையாளம் தெரிந்தது. அவர் தள்ளிவிட்ட அந்த மருமகன். அடுத்து வந்த கல்யாணப் படத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சொத்துச் சண்டைத் தம்பி. இரண்டு பேரும் நேராக இவரையே பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் பயப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். அதில் அவரும் அவளும் மட்டும்.

"அப்ப நம்ம பொண்ணும் அதுலதான இருப்பா?"

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மகளையும் அந்தப் படத்திலிருந்து அவர் அப்படித்தான் தள்ளியிருந்தார். அம்மாவை அவளோடு போனில்கூடப் பேச விடவில்லை.

"அதே படத்த இன்னொரு தடவ போடுங்க. அவ முகத்தப் பாக்கணும்."

அவருக்கும் பார்க்க வேண்டும்போல்தான் இருந்தது. வீம்பு, சொல்ல விடவில்லை. அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், மகளைத் தள்ளிய அதே அளவில் படத்தைப் போட்டார்.

தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. வலப்பக்கம் மகள், அம்மாவின் தோளில் கன்னத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மங்கலே இல்லை. இடது ஓரத்தில் ஒரு சட்டையின் தோள்பட்டை மட்டும் தெரிந்தது. அது அவருடைய சட்டை; மீதி அவர் தாளுக்கு வெளியே.

மனைவி ஈரம் காயும்வரை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சரியா விழல. இன்னொண்ணு போடுறேன்" என்றார். டப்பாவில் மை இல்லை. "இரு, கம்பெனி மையே வாங்கிட்டு வந்துடுறேன். என்ன வெல சொன்னாலும் சரி."

"எதுக்கு வீண் செலவு?" என்றாள் அவள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல எல்லாரும் இருக்காங்களே."