சத்தம் போடாத வீடு

மந்தைவெளிக்கு மருமகளாக வந்த முதல் வாரத்திலேயே மாமியார் ஹாஜிரா பீ ஜுவேரியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். "இந்த வீட்டுல யாரும் யாரையும் அதட்டிப் பேச மாட்டோம்மா. உன் மாமனாரு இத்தனை வருஷத்துல என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. நீ பயப்படாம இரு."

அது பொய்யில்லை. அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்காது. மாமனார் ஷரீஃபும் கணவன் அமீனும் காலையில் சாப்பிட்டுவிட்டு தி.நகர் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது கடை. சீரியல்காரர்களுக்கும் ஷூட்டிங் கம்பெனிகளுக்கும் துணிமணி வாடகைக்கு விடுகிற கடை. பட்டுப்புடவை, லெஹங்கா, ஷெர்வானி, கவரிங் நகை என்று எதைக் கேட்டாலும் அங்கே இருக்கும். டிவியில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், "இது நம்ம புடவை, அது நம்ம ஒட்டியாணம்" என்று ஹாஜிரா பீ விரல் நீட்டிக் காட்டுவார்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் அவர் டிவி முன்னால் வந்து உட்காருவார். மருமகளும் உட்கார வேண்டும். ஏழு மணி சீரியலில் பூஜா என்று ஒரு பெண். பெரிய வீட்டுக்கு வாழ வந்தவள். அவளுடைய மாமியார் தேவானை அவள் இறங்குகிற படியில் எண்ணெய் ஊற்றுவாள், அவள் வைத்த பாயசத்தில் உப்பைக் கொட்டுவாள், சொந்தக்காரர்கள் முன்னால் கன்னத்தில் அறைவாள். பூஜா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தேவானைக்கே காபி போட்டுக் கொடுப்பாள். ஒவ்வொரு அறைக்கும் மூன்று முறை இடி இடிக்கும்.

ஹாஜிரா பீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது நடிப்பில்லை, நிஜமாகவே அழுவார். விளம்பரம் வந்ததும் மருமகள் பக்கம் திரும்புவார்.

"ஏன்மா, நான் இந்த மாதிரியா இருக்கேன்?"

முதல் தடவை கேட்டபோது ஜுவேரியா சிரித்துவிட்டாள். "ஐயோ, என்ன மாமி நீங்க" என்றாள். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். போகப்போக அது சாயங்கால டீயைப்போல ஆகிவிட்டது. அவர் கேட்பார், இவள் இல்லை என்பாள், அவர் மனசு நிறைந்து, "அல்லாஹ் நம்மள அப்படி வைக்கல" என்று அவள் தலையைத் தடவிக் கொடுப்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஜுவேரியா பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். லீவு முடிந்ததும் திரும்பப் போகலாம் என்றுதான் பேச்சு. லீவு முடிகிற சமயத்தில் ஹாஜிரா பீ அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாசம் போகட்டுமேமா. வந்ததும் வராததுமா அந்தப் பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகையில போய் நிக்கணுமா?" என்றார். அடுத்த மாதம் நாத்தனார் ரூபீனா பிரசவத்துக்கு வந்தாள். அதற்கு அடுத்த மாதம் மழை. அமீனிடம் சொன்னால், "அம்மா உன் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. அவங்க மனசு சங்கடப்படுற மாதிரி எதுவும் வேண்டாமே" என்பான். அவனும் கோபப்படமாட்டான். சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

ஒருநாள் ஆபீஸ் மேனேஜர் அனுப்ரியா கூப்பிட்டபோது ஹாஜிரா பீ பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரில் போடுவது அந்த வீட்டு வழக்கம். ஒளிவுமறைவு கூடாது என்பார்.

"ஜுவேரியா, மன்டேலேர்ந்து வர்றியா இல்லையா? நான் மேல பதில் சொல்லணும்" என்றாள் அனுப்ரியா.

ஜுவேரியா வாயைத் திறப்பதற்குள் ஹாஜிரா பீ கைபேசிப் பக்கம் குனிந்தார். "நல்லா இருக்கியாம்மா? நான் அவ மாமியார் பேசறேன். எங்க பொண்ணு சம்பாரிச்சுத்தான் ஆகணும்னு எங்களுக்கு இல்லம்மா. ராணி மாதிரி வச்சிருக்கோம். நீ வேற ஆளப் பாத்துக்க, அவளுக்காக உன் வேலை கெடக் கூடாது பாரு."

"சரிங்க ஆன்ட்டி" என்றாள் அனுப்ரியா. ஜுவேரியா தரையில் உதிர்ந்து கிடந்த கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி மாமியார் அவளுக்குப் பிடித்த இறால் வறுவல் செய்து போட்டார். அவள் சாப்பிட்டாள்.

இப்படித்தான் ஒவ்வொன்றும் போயிற்று. அவளுடைய பீரோச் சாவி, "நகை நட்டு இருக்கு, என்கிட்ட இருந்தா பத்திரம்" என்று மாமியார் இடுப்புக்குப் போனது. கொட்டிவாக்கத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்கு வாராவாரம் போய்க்கொண்டிருந்தது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. "நீ போனா வீடே வெறிச்சுனு ஆயிடுதும்மா" என்று சொல்பவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

ஒரு செவ்வாய்க்கிழமை சீரியலில் பூஜாவுக்கு ரிசப்ஷன். பூஜா படியிறங்கி வந்தாள். ஜுவேரியா மடியில் வைத்திருந்த பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள்.

மருதாணிப் பச்சை லெஹங்கா. கீழே ஜரிகையில் சின்னச் சின்ன மாதுளம் பூக்கள். கல்யாணத்துக்கு மறுநாள் வலிமா விருந்தன்று அவள் உடுத்தியிருந்தது. அம்மாவும் அவளும் பாண்டி பஜாரில் ஒரு நாள் முழுக்க அலைந்து எடுத்தது. அதை உடுத்திக்கொண்டு மேடைக்கு வந்தபோது அவளுடைய அத்தா இனாயத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஒரு நாளைக்குப் பிறகு அதை அவள் எடுக்கவில்லை, மல்துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தாள். அது அங்கேயே இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, நம்ம டிரஸ்ஸு" என்றார் ஹாஜிரா பீ பெருமையாக. "சீரியல் கம்பெனி வேலு கடைக்கு வந்து ஒத்தக் கால்ல நின்னானாம், பச்சையில வேணும்னு. அமீன்தான் எடுத்துக் கொடுத்தான். எவ்ளோ அம்சமா இருக்கு பாரு அந்தப் பொண்ணுக்கு."

தேவானை கூட்டத்துக்கு நடுவில் வந்து பூஜாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பூஜா சுழன்று விழுந்தாள். இடி இடித்தது. விழுந்தவள் முகத்தில் ஒரு டம்ளர் ரோஸ்மில்க்கை ஊற்றினாள் தேவானை. அது கழுத்து வழியாக ஜரிகைக்குள் இறங்கியது.

"அடிப்பாவி" என்று ஹாஜிரா பீ அழுதார். "வாயில்லாப் பூச்சி, அதப் போய் இந்தப் பாடு படுத்தறாளே." விளம்பரம் வந்தது. ஈரக் கண்ணோடு திரும்பினார். "ஏன்மா, நான் இந்த மாதிரியா இருக்கேன்?"

"இல்ல மாமி" என்றாள் ஜுவேரியா.

அமீன் வந்ததும் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, அந்த வீட்டுக்கு வந்து அவளுக்கும் அது பழகியிருந்தது.

"என்னங்க, என் லெஹங்காவ எடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"சும்மாதானே கெடந்துச்சு? வேலு பாவம், ஷூட்டிங் நின்னுடும்னு கெஞ்சினான். அம்மாகிட்ட கேட்டேன், எடுத்துக் கொடுத்தாங்க."

"அம்மாகிட்ட கேட்டீங்க."

"இதுல என்ன ஜுவே? உனக்கு வேற ஒண்ணு வாங்கித் தரேன். கடையில எது வேணாலும் எடுத்துக்கயேன்."

அடுத்த வாரம் லெஹங்கா ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது. கறையைச் சலவைக்குப் போட்டு எடுத்திருந்தார்கள். ஆனால் அந்த நடிகை ஒல்லி. இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்து, மிஞ்சின துணியை வெட்டியிருந்தார்கள். முழுக்கை வைத்துத் தைத்த ரவிக்கை அது, இப்போது கை தோளுக்குக் கீழே நின்றுவிட்டது; டிவியில் பார்த்தபோது அது அவள் கண்ணில் படவில்லை. வெட்டின இரண்டு கைகளும் பையின் அடியில் தனியாகச் சுருண்டு கிடந்தன. யாரோ ஒழுங்கான ஆள்தான், தூக்கிப் போடாமல் அனுப்பியிருந்தார்.

ஜுவேரியா அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஹாஜிரா பீ எட்டிப் பார்த்தார். "அடடா, வெட்டிட்டானுங்களா? சரி போகட்டும் விடு. கண்ணு பட்டது கழிஞ்சுதுன்னு நெனச்சுக்க. இனிமே இது கடையிலயே இருக்கட்டும், உனக்குத்தான் போட முடியாதே."

மறுநாள் காலை மாமியார் ரூபீனாவின் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன நேரத்தில் ஜுவேரியா ஒரு பையில் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கொட்டிவாக்கம் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா ஷம்ஷாத் கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். தண்ணீர் கொடுத்தாள், ஃபேனைக் கூட்டி வைத்தாள், கதவைச் சாத்தினாள்.

"அடிச்சானா?"

"இல்லம்மா."

"மாமியாக்காரி ஏதாச்சும் சொன்னாளா? நகை, பணம்னு கேக்கறாங்களா?"

"இல்ல."

"சோறு சரியாப் போடறாங்கல்ல? மாப்பிள்ளைக்கு வேற ஏதாச்சும் பழக்கம், பொம்பளச் சகவாசம்…"

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப என்னதான்டி?"

ஜுவேரியா சொல்லிப் பார்த்தாள். ஸ்பீக்கரைச் சொன்னாள், சாவியைச் சொன்னாள், வேலையைச் சொன்னாள், வெட்டின கைகளைச் சொன்னாள். ஒவ்வொன்றும் வாயை விட்டு வெளியே வந்ததும் சின்னதாகிப் போனது. ஷம்ஷாத் முதலில் கவலையோடு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் பயம் வடிந்தது. கடைசியில் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"இவ்ளோதானா? நான் என்னமோ ஏதோன்னு நடுங்கிப்போயிட்டேன். அந்தப் பூஜாப் பொண்ணப் பாக்கறல்ல? தெனம் அடி வாங்குது. அது பொறுத்துப் போகல? உனக்கு வாய்ச்ச மாமியா எத்தனை பேருக்கு வாய்க்கும்? துணி போனாப் போகுது."

"அது டிவிம்மா."

"டிவின்னா? இல்லாததையா காட்டறான்?"

தன் கடையிலிருந்து மதியம் சாப்பிட வந்த இனாயத் மகளைப் பார்த்தார். மனைவி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். சோற்றைப் பிசைந்தபடியே, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ரெண்டு நாள்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலமே ஹாஜிரா பீ வந்துவிட்டார். கூட அமீன், கையில் பழக்கூடை. படியேறி வந்த மூச்சிரைப்போடு சோபாவில் உட்கார்ந்தவர் யாரையும் குறை சொல்லவில்லை. அழத்தான் செய்தார்.

"வீட்டுக்கு வந்து பாக்கறேன், பிள்ளையக் காணோம். எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு சம்பந்தி. நான் என்ன கொறை வச்சேன்? உங்க பொண்ணையே கேளுங்க. ஒரு நாள் அதட்டியிருக்கேனா? அந்தச் சீரியல்ல வர்றாளே, அந்த மாதிரியா நடந்துக்கிட்டேன்? அவ வாயாலயே சொல்லட்டும்."

எல்லாரும் ஜுவேரியாவைப் பார்த்தார்கள். ஷம்ஷாத் கண்ணால் சாடை காட்டினாள். அமீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம்போல இருந்தான், அவனையும் யாரோ திட்டிவிடுவார்களோ என்கிறமாதிரி.

இத்தனை நாளாகத் தனியாகச் சொன்ன பதிலை இப்போது சபையில் சொல்ல வேண்டும். மாமியாரின் கண்ணில் இருந்தது உண்மையான கண்ணீர். இவர் தன்னை நல்லவர் என்று நடிக்கவில்லை, நம்புகிறார். படியில் எண்ணெய் ஊற்றாதவர் எப்படிக் கெட்டவராக முடியும்?

"இல்ல மாமி. நீங்க அந்த மாதிரி இல்ல."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சொல்லி முடித்ததும் அவளிடம் வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனது. ஹாஜிரா பீ அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். ஷம்ஷாத் டீ போடப் போனாள். இனாயத் மட்டும் எழுந்து பால்கனிக்குப் போய், டீ ஆறிப்போகும்வரை உள்ளே வரவில்லை. கிளம்புகிறபோது மகளின் பையைத் தானே தூக்கிக்கொண்டு கார் வரைக்கும் வந்தார். "உடம்பப் பாத்துக்க" என்றார். அவரிடம் அவ்வளவுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. அமீனுக்கு அது நிம்மதியாக இருந்தது. "இப்பல்லாம் ஜுவே ரொம்ப செட் ஆயிட்டா" என்று போனில் யாரிடமோ சொன்னான்.

பெருநாள் கழிந்து அவள் முழுகாமல் இருந்தாள். மாமியார் அவளைத் தரையில் கால் பட விடவில்லை. பழம் நறுக்கி ஊட்டினார், பாதாம் ஊறவைத்துத் தோலுரித்துக் கொடுத்தார். அப்படியும் அவளுக்கு உடம்பு ஏறவில்லை. அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எடை மெஷினில் நின்றவளைப் பார்த்து டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு ஹாஜிரா பீயிடம், "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்றார்.

"பரவால்ல டாக்டர், நான் அவளுக்கு அம்மா மாதிரி."

"தெரியுதும்மா. ஒரு அஞ்சு நிமிஷம்."

கதவு சாத்திக்கொண்டது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஜுவேரியா பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு வெளியாள் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடறியா?"

"சாப்பிடறேன். பசிக்கத்தான் மாட்டேங்குது."

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா? என்கிட்ட சொல்லலாம். வெளிய போகாது."

ஜுவேரியா யோசித்தாள். பிரச்சினை என்ற வார்த்தைக்குள் போட அவளிடம் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. "நல்லாத்தான் பாத்துக்கறாங்க" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார். அப்போது அவளே எதிர்பாராமல் அடுத்த வார்த்தை வந்தது.

"ஒருத்தவங்க நல்லவங்களா இருந்தும் அவங்களோட இருக்க முடியாமப் போகுமா டாக்டர்?"

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப் போனார். அதற்குள் நர்ஸ் கதவைத் தட்டி, லேபர் வார்டில் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

"இது பேச வேண்டிய விஷயம்மா" என்று மருந்துச் சீட்டை நீட்டி எழுந்துகொண்டே சொன்னார் டாக்டர். "அடுத்த தடவை நீ மட்டும் தனியா வா. நிதானமாப் பேசலாம்."

"சரி டாக்டர்" என்றாள் ஜுவேரியா. தனியா என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே ஹாஜிரா பீ நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்னே?"

"சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க மாமி."

"அதுக்கா என்னை வெளிய போகச் சொன்னாங்க?"

"ஆமா."

ஹாஜிரா பீ அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வெயில் கொளுத்தியது, சாலையில் பஸ்ஸும் காரும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. சாலையைக் கடக்க, சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல, அவர் அவளுடைய மணிக்கட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். ஜுவேரியா பிடித்த கையோடு நடந்தாள்.