ஹீட்டருக்கு மாட்டாத பிளக்

1
அன்று அறையில் நான்கு பேர். கட்டிலில் அக்கா, விழுந்து உடைந்த இடுப்பு எலும்பு கூடி மூன்று வாரம். கால்மாட்டில் என் மனைவி. பிளக் பாயிண்ட் முன்னால் குத்துக்காலிட்டு எலக்ட்ரீசியன். ஜன்னலடி ஸ்டூலில், நோட்டோடு நான். இந்தக் கதை அங்கே எனக்குக் கிடைத்தது; யோசித்துப் பிடித்ததல்ல.

(முதலில் எழுதிய தொடக்கம்: "குளிர்ந்த காலையில் ஒரு முதிய பெண்மணி..." அடித்துவிட்டேன். 'முதிய' என்று போட்டதற்கே அக்கா சண்டைக்கு வருவாள்.)

2
தனியாகத்தான் இருப்பேன் என்பது அக்காவின் கட்சி. விழுந்தால் யாருக்குத் தெரியும் என்பது எங்கள் கவலை. எங்கள் வீடு நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஸ்மார்ட் பிளக் இருந்தால், அவள் எழுவதற்குள் என் போனிலிருந்தே ரூம் ஹீட்டரைப் போட்டுவிடலாம். ஏழு பிளக்குகளைக் கட்டம் போட்டு ஒப்பிட்டு ஒன்றை வாங்கிப் போயிருந்தேன்.

"இது ஆறு ஆம்பியர் சார். விளக்குக்குத் தாங்கும். ஹீட்டருக்கு உருகிடும்."

"ஏழு கட்டம் போட்டாரே, ஆம்பியருக்கு ஒண்ணு இல்லையா?" என்றாள் மனைவி.

"கலருக்கு இருக்கு," என்றாள் அக்கா, நோட்டை எட்டிப் பார்த்து.

"பதினாறு ஆம்பியர் வெச்சிருக்கீங்களா?" என்றேன்.

"பையில இருக்கு. ஆனா மாட்ட மாட்டேன்." ஹீட்டர்மேல் விரித்திருந்த துண்டைத் தூக்கிக் காட்டினார். "தினமும் இங்கதானாம்மா?"

"ஈரம் காயணும்ல? ஹீட்டர் போடும்போது எடுத்துடுவேன்பா."

"நீங்க போட்டா எடுப்பீங்க. சார் அங்கேருந்து போட்டா?"

நான் நோட்டை மூடினேன்.

3
(பையில் இருக்கும் சரக்கை விற்காத மனிதர். வாசகர் நம்புவாரா? இரண்டாம் பிரதியில் அவரைப் பேராசைக்காரராக்கிப் பார்த்தேன். அவர் மாட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் போனைத் தொடுகிறேன், துண்டு...

கிழித்துவிட்டேன். அவர் இருந்தபடியே இருக்கட்டும். பெரிய மனசு.)

4
அதே சின்ன பிளக்கைக் கட்டிலோர விளக்குக்கு மாட்டினார். தினமும் காலை ஐந்தரைக்கு நான் போனிலிருந்து விளக்கைப் போடுவேன். எழுந்ததும் அக்கா பிளக்கின் பொத்தானை அழுத்தி அணைப்பாள். என் போனில் தெரியும். ஆறு வரை அணையாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வேன். ஹீட்டர் அவள் கையில்.

"அட்டெண்டன்ஸ் எடுக்கிறாராக்கும்! முப்பது நாள் பாருடா. ஒரு நாள் தவறினாலும் உன் வீட்டுக்கு வந்துடறேன். தவறலைன்னா, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

5
இன்று இருபத்தொன்பதாம் நாள். இதுவரை தவறவில்லை. முடிவு ஒன்று: நாளை விளக்கு அணைகிறது. முடிவு இரண்டு: மணி ஆறு, விளக்கு இன்னும்...

இதை நான் எழுதுவதாக இல்லை. ஒரு பிரதி எலக்ட்ரீசியனுக்கு, நன்றியோடு. இன்னொன்று அக்காவுக்கு, அதில் கடைசிப் பக்கம் பாதி காலி. அது அவள் எழுத வேண்டியது. உங்களுக்கும் அவ்வளவு இடம் விடுகிறேன்.

இரண்டு உறைகளையும் ஒட்டியாயிற்று. தபால்பெட்டியில் போட்டுவிட்டு, மறக்காமல், ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன்.