முகவரியின் வால்

எங்கள் கணினிப் பையன் நோர்லான் சந்தோஷமாக நாற்காலியைச் சுழற்றியபோதே ஏதோ வம்பு செய்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரியாயிடுச்சு அக்கா. காலையிலேர்ந்து கத்திக்கிட்டே இருந்துச்சில்ல, வாயை அடைச்சுட்டேன்."

கத்தியது எங்கள் தரவுத்தளம். வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. புது மென்பொருள் வெளிநாட்டுச் சரக்கு. முகவரிக்கு அறுபது எழுத்து போதும் என்று அங்கே எந்தப் புண்ணியவானோ முடிவு செய்திருந்தான். எங்கள் மனாகுவா நகரத்தில் எந்த வீடு அறுபது எழுத்தில் அடங்கும்? தெருவுக்குப் பெயர் கிடையாது, கதவுக்கு எண் கிடையாது. நிலநடுக்கத்தில் விழுந்த கட்டடத்தை வைத்துத்தான் இன்னமும் வழி சொல்கிறோம். அதனால் புது நோயாளியைச் சேர்க்கும்போதெல்லாம் 'தரவு நீளம் அதிகம்' என்று சிவப்பாக வந்து நின்றது.

"எப்படி அடைச்சே?"

"கண்டிப்பா சோதிக்கிற அமைப்பு ஒண்ணு இருந்துச்சு, அணைச்சுட்டேன். இப்ப எவ்வளவு நீளமா போட்டாலும் ஏத்துக்குது."

"ஏத்துக்கலடா! அறுபதுக்கு மேல இருக்கிற வாலை வெட்டிட்டு வாயை மூடிக்குது!"

அதற்குள் போன் அடித்தது. டிரைவர் எவெனோர்.

"அக்கா, 'பழைய தியேட்டர் இருந்த இடத்திலேர்ந்து ரெண்டு தெரு ஏரிப் பக்கம்'னு இருக்கு. அதோட நிக்குது. நான் முச்சந்தியில நிக்கிறேன். எந்த வீடு?"

பெரியவர் டோன் எலியோதோரோவின் வீடு. பேட்டையில் மின்சாரம் போய் அவருடைய மூச்சு இயந்திரம் நின்றுவிட்டது, கையிருப்பு சிலிண்டர் மதியம் வரைதான் தாங்கும் என்று மகள் காலையில் அழுதிருந்தாள். இப்போது மதியம். அவள் போனும் செத்துக் கிடந்தது.

"நீதானே எழுதினே? மீதி என்ன?" என்று நோர்லானைக் கேட்டேன்.

"எத்தனை பேர் கூப்பிட்டாங்க... ஞாபகம் இல்லையே அக்கா." நோர்லானின் முகம் வெளுத்துவிட்டது. அறையலாம் போலிருந்தது எனக்கு.

"அணைக்கிறதுக்கு முன்னாடி இவரைச் சேர்த்துப் பாத்தியா?"

"பாத்தேன். இவருக்குத்தான் கடைசியா கத்துச்சு. அந்த வெறுப்புலதான் அணைச்சேன்."

கத்தியதா! அப்படியென்றால் பிழைப் பதிவில் இருக்கும். தரவுத்தளம் ஏற்காமல் திருப்பியனுப்பிய கட்டளையை எங்கள் நிரல் முழுசாக அங்கே எழுதி வைக்கும். அதைத் திறந்து, அடியிலிருந்து மேலே தேடினேன். இருந்தது. ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை.

"எவெனோர், கேளு. அங்கேர்ந்து ஒரு தெரு மேலே, கிழக்குப் பக்கம். அப்புறம் அரைத் தெரு தெற்கே. இடிஞ்ச மதிலுக்கு எதிரே பச்சை கேட். மணி வேலை செய்யாது, கத்திக் கூப்பிடணும்."

"போனை வெச்சுடாதீங்க."

வண்டி உறுமியது. நான் சும்மா இருக்க முடியாமல் அந்தக் கண்டிப்புச் சோதனையை மறுபடி போட்டேன், முகவரிக் கட்டத்தை ஐந்நூறு எழுத்துக்கு அகலமாக்கினேன். தனக்குத் தெரியாமல் வால் வெட்டுப்பட்ட நோயாளிகளையெல்லாம் நோர்லான் இன்னொரு போனில் கூப்பிட்டு, முழு முகவரி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

எவெனோர் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. கேட் கிறீச்சிட்டது. சிலிண்டர் தரையில் இடித்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நோர்லான் போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா..." போனில் எவெனோர்.

"சொல்லுப்பா."

"பெரியவர் திட்டுறாரு. லேட்டா வந்தேனாம். எங்கம்மாவையும் விடலை."

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

"திட்டட்டும்பா. நல்லா மூச்சு விட்டு விட்டுத் திட்டட்டும்."