மணல் குவியலில் ஏறிய நிழல்

தாஹிராவுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் உதறல். ஆனாலும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆண்டனிராஜ் நடத்தும் டியூஷன் சென்டரில் இயற்பியல் எடுக்கும் வேலை வேண்டுமென்றால் மாதிரி வகுப்பு நடத்தித்தான் ஆக வேண்டும். நிலவில் நிற்கும் விண்வெளி வீரர்களின் படத்தை எடுத்துக்கொண்டாள். ஆண்டனிராஜ் வகுப்பைச் செல்போனில் படம்பிடித்தார்.

வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே, எந்தப் பாடத்தையும் சந்தேகத்திலிருந்து தொடங்குவது அவள் வழக்கம். அந்தச் சந்தேகத்தைத் தானே நம்புவது போல அழுத்தமாகச் சொல்வாள். அப்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும்.

“இங்க பாருங்க. இந்த ஆள் நிழல் ஒரு பக்கம் போகுது, அந்த ஆள் நிழல் வேற பக்கம் போகுது. சூரியன் ஒண்ணுதானே? அப்ப ரெண்டு லைட்டு போட்டு எங்கயோ செட்டுல எடுத்திருக்காய்ங்க. நிலாவுக்கு யாரும் போகலை.”

பிறகு எல்லோரையும் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள். சாயங்கால வெயில். துணி காயப்போடும் இரண்டு கம்பங்களின் நிழலைக் காட்டினாள். ஒன்று சமதரையில் நேராகக் கிடந்தது. இன்னொன்று பூச்சு வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏறி, கோணிக்கொண்டு வேறு திசையில் ஓடுவது போலத் தெரிந்தது.

“சூரியன் ஒண்ணுதான். தரைதான் மேடு பள்ளம். நிலாவிலயும் இதே கதைதான்.”

பிள்ளைகள் தங்கள் நிழலை மணலில் வளைத்து விளையாடினார்கள். வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆண்டனிராஜ் போட்ட ரீல்ஸ் ஊரெல்லாம் ஓடியது. ‘நிலாவுக்கு யாரும் போகலை’ என்பதோடு முடிந்தது. அடியில் அவள் பெயர், படிப்பு, சென்டர் முகவரி.

சென்டருக்கு ஓடினாள். வாசலில் அட்மிஷன் கேட்டுப் பெற்றோர் நின்றார்கள்.

“சார், மீதியையும் போடுங்க. நான் சொல்ல வந்ததே மீதிதான்.”

“மீதியில என்ன இருக்கு? மணலும் கம்பமும். அதை எவன் பார்ப்பான்?” ஆண்டனிராஜ் சிரித்தார். “சாயங்காலம் பேட்ச் இருக்கு, வந்துருங்க மேடம்.”

“அப்ப அதை எடுத்துருங்க. இல்லாட்டி நான் வரமாட்டேன் சார்.”

“வராட்டி போங்க. வீடியோ அங்கனதான் கிடக்கும்.”

அத்தாவைக் கூட்டிவந்து பேசச் சொல்லலாம் என்று பேகம்பூரில் இருக்கும் அவருடைய செருப்புக்கடைக்குப் போனாள். அத்தா மைதீன் பிச்சையைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் அவர் போனில் அவள் வீடியோ ஓடியது.

“எம் மக சொல்லிருச்சுப்பா! இனி எவனாவது நிலாவுக்குப் போனோம்னு கதை விடட்டும், பார்ப்போம்.”

“அத்தா, அது பாதிதான். மீதியை வெட்டிட்டாங்க. நிலாவுக்குப் போனது நெசம். நீங்க வந்து ஒரு சத்தம் போட்டா அந்த சார் எடுத்துருவாரு.”

“என்ன பாய், மக இப்படிச் சொல்லுது?” என்றார் ஒருவர்.

மைதீன் பிச்சையின் முகம் சுண்டியது. மறுகணம் சிரித்தார். “புள்ளைக்குக் கூச்சம். பேர் வந்துருச்சுல்ல, பயப்படுது.”

அவளைக் கடையோரம் தள்ளிக்கொண்டு வந்தார். “வீட்டுக்குப் போம்மா. இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் நாலு பேரு எங்கிட்ட மதிச்சுப் பேசுறாய்ங்க. அதைக் கெடுத்துப்புடாத.”

தாஹிரா தெருவில் இறங்கி நடந்தாள். கடைக்குள் அவள் குரல் கணீரென்று இன்னொரு முறை பொய் சொல்லிக்கொண்டிருந்தது.